420 ரூபாய் ஜிக்கை மீட்ட ஸ்பார்க் பிளக் | மீன்கரா அணை விரால்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேரளாவில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருக்கிற இந்த மீன்கரா அணையில் தை மாதத்தில் கேமராவைத் திறந்தால் இப்படித்தான்.

முதலில் இதைப் பாருங்கள். டங்ஸ்டன் ஜிக், அதாவது முள்ளோடு கனமான உலோகத் தலை வைத்த செயற்கை இரை, 14 கிராம், 420 ரூபாய். வாங்கின அன்றைக்கே ஒரு வீடியோ முழுக்கப் புலம்பினேனே, அதே ஜிக்தான். டங்ஸ்டனுக்கு ஈயத்தைவிட அடர்த்தி ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் அதே எடைக்குத் தலை சின்னதாக இருக்கும். அடியில் சேறா, பாறையா என்று கம்பைப் பிடித்த கைக்கே தெரியும். அதற்குத்தான் அந்தக் காசு. நேற்று அது தண்ணீருக்குள் கிடக்கும் மரக்கட்டையில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தால் தூண்டில் நரம்பு அறும், 420 ரூபாய் போச்சு.

பையில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக் கிடந்தது, மெக்கானிக் கடைக் குப்பையில் பொறுக்கியது. அதன் நுனியில் வளைந்த கம்பி இருக்கிறதல்லவா, அதில் ஒரு ஸ்னாப்பை (திறந்து மூடுகிற சின்னக் கம்பிக் கொக்கி) மாட்டி, ஸ்னாப்பை நரம்பில் கோத்தேன். நரம்பை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு பிளக்கை விட்டால், வழுக்கிக்கொண்டு போய் ஜிக் தலையில் டொக்கென்று இடிக்கும். கம்பை ஆட்ட ஆட்ட ஏறி இறங்கித் தட்டும். இடித்த இடியில் முள் வந்த வழியே பின்னால் கழன்றது. முள் நுனிகூட மழுங்கவில்லை, பாருங்கள், நகத்தில் வைத்தால் பிடிக்கிறது! கடையில் இதற்கென்றே ஒரு சாமான் விற்கிறார்கள், தேவையே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க பாஸ் மீன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வசந்தத்தில் கரையோரம், கோடையில் ஆழம் என்று இங்கேயும் அட்டவணை போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அங்கே தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டும்போது பாஸ் முட்டையிடக் கரைக்கு வரும், பனிக்காலத்தில் மந்தமாகிவிடும். அவர்களுக்குத் தெர்மாமீட்டர்தான் காலண்டர். நம் விராலுக்கு மார்கழிக் குளிரெல்லாம் ஒரு குளிரா? இங்கே பார்க்க வேண்டியது அணையின் தண்ணீர் மட்டம்.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி அடி தெரியும். பக்கத்து ஊரான முதலமடையில் மாங்காய் பறிக்கிற அந்த நாட்களில் நான் தூண்டில் போடுவதைவிட நடப்பதுதான் அதிகம். பழைய ஆற்றுத்தடம் எங்கே திரும்புகிறது, கட்டை எங்கே நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வைப்பேன். தண்ணீர் நிறைந்த பிறகு அந்தப் படங்கள்தான் வழிகாட்டி.

ஜூனில் முதல் மழைக்கு மீன்கள் முட்டையிட ஏறும், மலையாளத்தில் ஊத்த என்பார்கள். அப்போது பிடிப்பது கேரளாவின் 2010 உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் போடமாட்டேன். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் பெரிய விரால் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அட, சொல்ல மறந்தேனே! அந்தப் பிளக் வேலையைக் கரையில் நின்று செய்யாதீர்கள். நரம்பு சாய்வாக இருந்தால் பிளக் பாதியிலேயே நின்றுவிடும். ஒரு அண்ணன் பரிசலில் கட்டைக்கு நேர் மேலே கூட்டிப்போனார், அதனால்தான் நடந்தது.

ஐப்பசியில் அணை நிறைந்து ஓரமெல்லாம் செடி. அப்போது முள்ளுக்கு முன்னால் நார்க்கொத்து வைத்த ஜிக் போதும், செடியில் சிக்காது. இந்தத் தை மாதத்தில்தான் தொல்லை. கிழக்குக் காற்று நரம்பை வில்லாக வளைத்துவிடுகிறது. பாஸ்காரர்கள் சொல்வதில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது ஒன்றுதான்: ஜிக் இறங்கும்போதுதான் பெரும்பாலும் கடி விழும். நரம்பு தொய்ந்திருந்தால் அந்தக் கடி தெரியவே தெரியாது. அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், கம்பு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்திப் பிடியுங்கள், எடையை 14-லிருந்து 21 கிராமுக்கு ஏற்றுங்கள். 21 கிராமில் நான் ஈயம்தான் போடுவேன். அந்த எடைக்கு டங்ஸ்டன் விலை கேட்டேன், கடைக்காரர் சொன்னதும் போனை வைத்துவிட்டேன்.