தோற்ற குதிரையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேச அழைத்தபோதே வானொலி நிலையத்தார் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று டிப்ஸ் எதுவும் சொல்லக் கூடாது. நல்லது, எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. டிப்ஸை நம்பி ரேஸுக்குப் போய் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த ஒரு சித்தப்பாவோ மாமாவோ நம்மில் பலருடைய குடும்பத்தில் இருந்திருப்பார். நான் பேச வந்தது பணத்தைப் பற்றி அல்ல. ஒரு குதிரை ஏன் ஜெயித்தது, இன்னொன்று ஏன் தோற்றது, அடுத்த முறை என்ன செய்யும் என்று கணிக்கிறார்களே, அதைக் கற்பது எப்படி என்பதுதான் விஷயம்.

கணிப்பா, அதெல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பீர்கள். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி. நம்முடைய மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில்தான், 1996ஆம் ஆண்டு, குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, அது வெறும் சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பு வந்தது. சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். அதை எங்கே போய்ப் படிப்பது? இரண்டே இடம்தான். ஒன்று, மதியம் நடக்கும் ரேஸ். இன்னொன்று, விடியற்காலையில் நடக்கும் பயிற்சி ஓட்டம்.

அதற்கு முன்னால் எடை விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. நம் நாட்டில் ஓடும் குதிரைக்கு ஒரு ரேட்டிங் எண் உண்டு. அது ஓட ஓட, ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். ஹேண்டிகேப் ரேஸ், அதாவது திறமைக்கேற்ப எடை சுமத்தும் ரேஸ்களில், ரேட்டிங் கூடினால் முதுகில் எடையும் கூடும், சவாரி செய்யும் ஜாக்கியின் எடையும் அதில் சேர்த்தி. ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ கணக்கு. நல்ல குதிரை 60 கிலோவைச் சுமக்கும்போது சுமாரான குதிரை 50 கிலோவோடு பக்கத்தில் நிற்கும். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் இந்த எடையைப் போடும் அதிகாரியின் ஆசை. அப்படியானால் நம் வேலை என்ன? அவர் போட்ட எண் எந்தக் குதிரைக்குப் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பது. அவ்வளவுதான்.

அது எந்தக் குதிரையாக இருக்கும்? ஜெயித்த குதிரையை எல்லாரும் பார்த்தாயிற்று. அதன் ரேட்டிங் நாளைக்கே ஏறிவிடும். தன் தப்பு இல்லாமல் தோற்ற குதிரை ஒன்று இருக்கும், பாருங்கள், அதுதான் நம்முடைய பாடம். அதன் ரேட்டிங் இறங்கும், எடை குறையும், ஆனால் கால் அதே கால்தான். பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரிதான்: ஐந்தாவது என்று இருக்கும், அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது கார்டில் இருக்காது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சென்னை கிண்டி ரேஸ் மைதானத்தின் ஸ்டாண்டில், அதாவது பார்வையாளர் மாடத்தில், பழக்கமான ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் பழைய பைனாகுலர், சட்டைப் பையில் பென்சில். கடைசி 200 மீட்டரில் ஸ்டாண்டே எழுந்து நின்று கத்தும்போது இவருடைய பைனாகுலர் மட்டும் பின்னால் வருகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். "யார் சார் ஜெயிச்சது?" என்று கேட்டால், "போர்டுல போடுவான் தம்பி, அவசரம் என்ன?" என்பார். அப்புறம் ரேஸ் புத்தகத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவார். 'உள்ளே மாட்டிக்கிச்சு.' 'கேட்ல தூங்கிடுச்சு.' 'ஜாக்கி சவுக்கே எடுக்கல.' மற்றவர்கள் கிழித்துப் போட்ட பந்தயச் சீட்டுகள் காலடியில் கிடக்க, மனிதர் ஏதோ கணக்குப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்.

அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ரேஸிலும் ஒரே ஒரு குதிரையைத் தேர்ந்தெடு. நீ பணம் கட்டிய குதிரையாக அது இருக்கக் கூடாது. குதிரைகள் புறப்படும் கேட் திறந்ததிலிருந்து கோட்டைத் தாண்டி வேகம் குறையும் வரைக்கும் அதை விட்டுக் கண்ணை எடுக்காதே. கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், முன்னால் நடக்கும் சண்டையை விட்டுவிட்டு ஏழாவதாக வரும் குதிரையைப் பார்க்க எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று தெரியும்!

அப்படிப் பார்த்தால் என்ன கிடைக்கும்? வளைவை எடுத்துக்கொள்வோம். கம்பி வேலியை ஒட்டி வருகிற குதிரைக்கும், அதற்கு ஒன்றரை மீட்டர் வெளியே வருகிற குதிரைக்கும் நடுவே, அரைவட்ட வளைவு முடிவதற்குள் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அது இரண்டு குதிரை நீளம். வெளியே சுற்றி வந்த குதிரை ஒரு லென்த்தில், அதாவது ஒரு குதிரை நீளத்தில், தோற்றால், உண்மையில் யார் நன்றாக ஓடியது? ரிசல்ட்டில் 'ஒரு லென்த்' என்று மட்டும்தான் இருக்கும்.

ஆரம்ப வேகமும் அப்படித்தான். இரண்டு குதிரைகள் முதல் 400 மீட்டரிலேயே முண்டியடித்துக்கொண்டு பறந்தால், பின்னால் சும்மா வந்த ஒரு குதிரை கடைசியில் எல்லாரையும் தாண்டிப் போகும். ஸ்டாண்ட் கைதட்டும். ஆனால் அந்த வேகத்தில் கூடவே ஓடியும் துவண்டுவிடாமல் நான்காவதாக வந்த ஒன்று இருக்கிறதே, பெரியவர் பென்சிலை எடுப்பது அதற்குத்தான். திரும்பவும் சொல்கிறேன், தோற்ற குதிரையைப் பாருங்கள்.

உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் செக்ரெடேரியட் என்ற செம்பழுப்புக் குதிரை. 1973 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு பெரிய ரேஸில் மூன்றாவதாக வந்தது. இரண்டே வாரத்தில் கென்டக்கி டெர்பி என்ற பெரும் பந்தயம். நீண்ட தூரம் ஓட இதற்கு மூச்சு பத்தாது என்று பலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தோல்வியின்போது அதன் வாயில் சீழ்க்கட்டி இருந்தது. கடிவாளம் பட்டாலே வலிக்கும். கட்டி ஆறியது. டெர்பிக்குச் சில நாட்கள் முன்பு காலைப் பயிற்சியில் 5 ஃபர்லாங்கை, அதாவது சுமார் 1000 மீட்டரை, 58 விநாடி சொச்சத்தில் ஓடியது. அந்தக் காலை ஓட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் சந்தேகம் இருந்திருக்காது. டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தைய கால் மைலைவிட வேகமாக ஓடி, இரண்டு நிமிடத்துக்குள் முடித்தது. அந்த நேரத்தை இன்றுவரை அங்கே எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. ஜூனில் பெல்மான்ட் பந்தயத்தை 31 லென்த்தில் ஜெயித்தது. பக்கத்தில் ஒரு குதிரையும் இல்லாமல் தனியாக வரும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்... அதைப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், நேரம் போகிறது.

காலைப் பயிற்சிக்கு வருவோம். பத்திரிகையில் பொடி எழுத்தில் வருமே: வெளி மணல் தடம், 800 மீட்டர் 53 விநாடி, 600 மீட்டர் 39, நன்றாக நகர்ந்தது. புதிதாக வருபவர்கள் இதில் குறைந்த எண்ணைத் தேடி ஓடுவார்கள். அது வேண்டாம். ரேஸ் வேகம் என்பது 200 மீட்டருக்குச் சுமார் 12 விநாடி. பயிற்சியில் குதிரை அந்த வேகத்தில் போக வேண்டிய கட்டாயமே இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மேலே உட்கார்ந்தது ஜாக்கியா, லாயத்தின் சவாரிப் பையனா? தடம் உள்வட்டமா, வெளிவட்டமா? கடிவாளத்தைப் பிடித்து இழுத்தும் 39 ஓடியதா, விரட்டி விரட்டி 39 ஓடியதா? இரண்டும் அச்சில் ஒரே 39தான்.

ஒரு குதிரையின் நேரத்தை இன்னொரு குதிரையின் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். அதனுடைய பழைய நேரத்தோடு ஒப்பிடுங்கள். வாரா வாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குதிரை திடீரென்று இரண்டு வாரம் காணாமல் போனால், அந்தக் காலியிடமும் ஒரு செய்திதான். ஜோடியாக ஓடினால் கூட ஓடியது யார் என்று பாருங்கள். இதுவரை ரேஸே ஓடாத இரண்டு வயதுக் குட்டி, பல ரேஸ் ஜெயித்த பெரிய குதிரையோடு தோளோடு தோள் சேர்ந்து வந்தால் விநாடிக் கணக்கே தேவையில்லை. ஆனால் காலையில் பறந்துவிட்டு மதியம் கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டு படுத்துவிடுகிற குதிரைகளும் உண்டு. அதனால்தான் இரண்டையும் பார் என்கிறேன். காலை ஓட்டம் குதிரையின் உடம்பைச் சொல்லும். அதன் மனசைத் தெரிந்துகொள்ள ரேஸைத்தான் பார்க்க வேண்டும்.

கிண்டி மைதானத்தின் நிலை இப்போது முன்போல இல்லை. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, வாதம் செய்ய இது இடமில்லை. மைதானத்துக்குப் போக முடியாவிட்டாலும் பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத் ரேஸ்களின் வீடியோக்கள் போனிலேயே கிடைக்கின்றன. ஒரே ரேஸை ஐந்து முறை, ஒவ்வொரு முறை ஒவ்வொரு குதிரையாகப் பார்க்கலாம். பெரியவருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

நேரமாயிற்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். பேடக்கில் குதிரையைப் பார்ப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே முடிக்கிறேன். ரேஸுக்கு முன் குதிரைகளை அங்கே, பார்வையாளர் கண்ணெதிரே, நடத்திக்கொண்டு வருவார்கள். பின்னங்கால்களுக்கு நடுவே நுரை தள்ள வேர்த்திருந்தால் பாதி சக்தி அங்கேயே போயிற்று என்று அர்த்தம். சென்னை வெயிலில் லேசாக வேர்ப்பது வேறு. ரோமம் பளபளக்க வேண்டும். காதுகள் விறைப்பாக முன்னால் இருப்பது நல்லது. பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளின் பலகையில் குதிரையின் விலை ஏறி இறங்குவதைப் படிப்பது எப்படி என்பதற்கு நேரமே இல்லை, இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.