அருவி மேல்நோக்கி ஏறிய படம்: ‘அனகோண்டா’வில் உள்ள பிழைகள்

[திரையில்: தேக்கடி ஏரி, கரையோரம் யானைக் கூட்டம்]

வணக்கம். குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம் பகுதிகளில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்குக் காடு அன்றாடம் கண்ணில் படுவது என்பதால், காட்டுச் சாகசப் படங்களில் உள்ள பிழைகள் சீக்கிரமே தட்டுப்பட்டுவிடும். அனகோண்டா என்ற தென்னமெரிக்கப் பெரும்பாம்பைப் பற்றி 1997இல் வெளிவந்த ‘அனகோண்டா’ என்ற ஹாலிவுட் படத்தில் அப்படி இரண்டு வகைப் பிழைகள் இருக்கின்றன. ஒரு வகையை மன்னிக்கலாம். மற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

[திரையில்: ஆற்றில் படகு, பின்னால் அருவி]

படகு பின்னோக்கி நகரும் இந்தக் காட்சியில், படகையும் ஆட்களையும் விட்டுவிட்டு அருவியை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிறது! முன்னோக்கிச் செல்லும் படகைப் படம்பிடித்து, அந்தத் துண்டை எடிட்டிங்கில் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிட்டால், படகு பின்வாங்குவதுபோலத் தெரியும். ஆனால் ஃப்ரேமில் இருக்கும் மற்ற எல்லாமும் சேர்ந்தே பின்னோக்கி ஓடும். இலையின் அசைவு எந்தத் திசையில் ஓடினாலும் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. விழுகிற நீர் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை நான் மன்னிப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான படங்கள் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளைச் சேர்த்து எடுப்பதால், சட்டை எவ்வளவு நனைந்திருந்தது, காயம் எந்தக் கையில் இருந்தது என்பதையெல்லாம் யாராவது குறித்துவைத்து, பல நாள் கழித்து எடுக்கும் அடுத்த ஷாட்டிலும் அப்படியே கொண்டுவர வேண்டும். காட்டுக்குள் ஒரு மேகம் விலகினாலே வெளிச்சம் மாறிவிடும். அவ்வளவு கவனத்திற்கு நடுவிலும் கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் மாறாத தொடர்ச்சி, எங்காவது நழுவத்தான் செய்யும்.

[திரையில்: ஆசிய யானை, ஆப்பிரிக்க யானை, பக்கவாட்டுத் தோற்றம்]

தெரிந்தே செய்யும் ஒப்பனை வேறு. 1932இல் வந்த டார்ஜான் படத்தில், ஆசிய யானைகளுக்குப் பெரிய செயற்கைக் காதுகளைப் பொருத்தி ஆப்பிரிக்க யானைகளாகக் காட்டினார்கள். காதை ஒட்டலாம், முதுகை என்ன செய்வது? நம் யானைக்கு முதுகு மேடாக வளைந்திருக்கும். ஆப்பிரிக்க யானைக்கு நடுவில் குழிந்திருக்கும். தேக்கடியில் படகிலிருந்து யானை பார்த்த சிறுவர்கள்கூட இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

[திரையில்: ‘அனகோண்டா’வின் தொடக்க எழுத்துகள்]

என்னை உறுத்துவது இந்த எழுத்துகள்தான். அனகோண்டா 40 அடி வரை வளரும் என்றும், இரையை விழுங்கிய பிறகும் திருப்தியடையாமல், மீண்டும் கொன்று தின்பதற்காக அதைக் கக்கிவிடும் என்றும், கதை தொடங்கும் முன்பே தகவல்போல அறிவிக்கிறார்கள். உண்மையில் அது 20 அடியைத் தாண்டுவதே அரிது. பெரிய இரை ஒன்றை விழுங்கிய பாம்பு வாரக்கணக்கில் வேறு இரை தேடாது. குரல்நாண் இல்லாத பாம்பு படத்தில் அலறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் கக்குவது உண்மை, காரணம்தான் பொய். நம் தோட்டங்களில் ஆட்டை விழுங்கிய மலைப்பாம்பு ஒன்று கிடந்தால், சுற்றிலும் கூட்டம் கூடி, கல்லெறிந்து, கம்பால் சீண்டுவது நடக்கிறது. வயிறு நிறைந்த பாம்பால் வேகமாக ஊர முடியாது. எனவே தப்பித்து ஓடுவதற்காக, பாடுபட்டு விழுங்கிய இரையைக் கக்கி உடலை இலேசாக்கிக்கொள்கிறது. படம் பார்த்தவருக்கோ அது அடுத்த ஆளைத் தின்னத் தயாராவதாகத் தோன்றும், கையிலிருக்கும் கம்பு ஓங்கும். மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். அதைக் கொல்வது குற்றம். கண்டால் விலகி நின்று, கூட்டத்தையும் விலக்கி, வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். தொந்தரவு இல்லையென்றால் அது கக்காமல் அங்கேயே கிடக்கும். ஆட்கள் வந்து பிடித்துக் காட்டில் விட்டுவிடுவார்கள்.