பாதியில் நின்ற கூத்து: வீட்டு டிவிஆரில் பெரிய ரெக்கார்டிங் ஃபைல்களைப் பராமரிப்பது

[திரையில்: மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய சிபியு. அதன் பின்னாலிருந்து ஒரு கேபிள் மொட்டை மாடிக்கு ஏறுகிறது.]

வணக்கம். பென்னாகரத்திலிருந்து பேசுகிறேன். இந்தப் பெட்டிதான் எங்கள் வீட்டு டிவிஆர், அதாவது டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைப்பது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் சாட்டிலைட் டியூனர் கார்டு செருகி, 1 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டி, லினக்ஸும், சேனல்களைப் பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட் மென்பொருளும் போட்டு நானே சேர்த்தது. மாடியில் டிஷ் தென்கிழக்கே பார்த்து நிற்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் சேனல்கள் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. மாதச் சந்தா எதுவும் இல்லை.

பெட்டியைச் சேர்ப்பது எப்படி என்று இந்த வீடியோவில் சொல்லப்போவதில்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்கு அப்புறம் வருடக்கணக்கில் கூட வருவது ஃபைல்கள். அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

[திரையில்: ஃபைல் பட்டியல். ஒரு ஃபைலின் நீளம் மட்டும் 22 நிமிடம்.]

இந்த 22 நிமிட ஃபைலைப் பாருங்கள். என் பெரியப்பா தெருக்கூத்தில் முகவீணை வாசிப்பவர். அவர்கள் குழுவின் கூத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு மணி நேரம் வருவதாக இருந்தது. டைமர் போட்டுவிட்டு நான் வேலையாக ஒசூர் போய்விட்டேன். அன்று சாயங்காலம் பெரியப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கர்ணன் வேஷம் உள்ளே வந்து ஒரு பாட்டு முடிந்தது. அதோடு படம் நின்றுவிட்டது. "மிச்சம் எங்கடா?" என்றார். மிச்சம் இல்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது. அம்மா பார்க்கும் தொடர்கள் மூன்று மாதத்துக்கு அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தன.

அவர் திட்டவில்லை, எழுந்து போய்விட்டார். அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கணக்கு. ஒரு சேனல் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி ஆகும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும். எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க வடிவில் 4 மெகாபிட்டில் வரும் சாதாரண சேனல் மணிக்கு 1.8 ஜிபி. 8 மெகாபிட்டில் வரும் ஹெச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி. தினமும் நான்கு மணி நேரம் பதிவானால், சாதாரண சேனலிலேயே மாதம் 216 ஜிபி. 1 டிபி ஐந்து மாதத்துக்குக்கூடத் தாங்காது.

அந்த 1 டிபியும் முழுதாகக் கையில் வராது. கம்பெனி 1000 என்று எண்ணுவதைக் கணினி 1024 என்று எண்ணுவதால் 931 ஜிபி என்றுதான் காட்டும். டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் அல்லது ஃபார்மட் என்று பெயர்; லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மட்டில் இன்னொரு பிடித்தமும் உண்டு. மொத்த இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று, அதாவது சிஸ்டத்தின் நிர்வாகிக்கென்று, ஒதுக்கி வைத்துவிடும். நம் டிஸ்கில் அது சுமார் 50 ஜிபி, அதாவது 27 மணி நேர ரெக்கார்டிங். சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் (டிஸ்கைப் பிரித்த பகுதியில்) அந்த ஒதுக்கீடு வேண்டும், தொடாதீர்கள். ரெக்கார்டிங்குக்கு மட்டுமே உள்ள பார்ட்டிஷனில் டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு அதைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ரெக்கார்டிங் நிறைந்தால் ரெக்கார்டிங் மட்டும் நிற்கட்டும், சிஸ்டமும் சேர்ந்து படுக்க வேண்டாம்.

[திரையில்: இரண்டு மாங்காய்க் குவியல்கள். ஒன்று தரையில் சிதறிக் கிடக்கிறது, இன்னொன்று கூடைகளில்.]

சரி, இப்போது அழிப்பதற்கு வருவோம். அழிப்பது ஒரு வேலையா என்று தோன்றும். என் முதல் டிஸ்க் இஎக்ஸ்டி4-க்கு முந்தைய இஎக்ஸ்டி3. அதில் ஒரு பெரிய ஃபைலை அழித்தால் சில வினாடிகள் டிஸ்க் கரகரவென்று ஓடும். அந்த நேரத்தில் பதிவாகிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியில் படம் கட்டம் கட்டமாக உடையும். டிஷ்ஷைத் திருப்பினேன், கேபிளை மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. காரணம் ஃபைல் சிஸ்டத்தில் இருந்தது.

இஎக்ஸ்டி3 ஒரு ஃபைல் எங்கெங்கே இருக்கிறது என்பதை 4 கேபி துண்டு துண்டாகக் குறித்து வைக்கும். 1.8 ஜிபி ஃபைல் என்றால் கிட்டத்தட்ட 4,40,000 துண்டுகள். அழிக்கும்போது அந்தக் குறிப்பு முழுவதையும் எடுத்துப் படித்து, ஒவ்வொன்றையும் விடுவிக்க வேண்டும். தோப்பில் கொட்டிக் கிடக்கும் மாங்காயை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி. 2008-இல் லினக்ஸில் நிலைபெற்ற இஎக்ஸ்டி4 கூடைக் கணக்கு வைக்கிறது. சேர்ந்தாற்போல் இருக்கும் இடத்தை, 128 எம்பி வரை, ஒரே குறிப்பில் எழுதிவிடும். அதே ஃபைல் சிதறாமல் இருந்தால் 14 குறிப்புகளில் அடங்கிவிடும், அழிப்பதும் சட்டென்று முடியும்.

எக்ஸ்எஃப்எஸ் இன்னொரு நல்ல தேர்வு. 1990-களில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் பெரிய ஃபைல்களை மனதில் வைத்தே உருவாக்கியது. ஒன்று மட்டும் கவனம்: எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அளவை முதலிலேயே யோசித்து வையுங்கள். என் இப்போதைய டிஸ்க் எக்ஸ்எஃப்எஸ்தான். எந்த ஃபார்மட் ஆனாலும் பத்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுங்கள். இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் பதிவாகும்போது டிஸ்கில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் சிதறிப்போகும்.

இன்னொரு சின்ன விஷயம். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும் எபிசோடை நான் அழித்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், இடம் திரும்பி வராது. பிளேயர் அந்த ஃபைலை மூடிய பிறகுதான் லினக்ஸ் இடத்தை விடுவிக்கும். அழித்தும் இடம் வரவில்லையே என்று பதறாதீர்கள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

[திரையில்: மின்வெட்டு. இருட்டு. பெட்டியின் சிறு விளக்கு அணைகிறது.]

நம் பக்கத்தில் கரண்ட் போவது புதிதல்ல. அதனால் எந்த வடிவத்தில் பதிவு செய்கிறோம் என்பது முக்கியம். வருவதை அப்படியே டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமாக, அதாவது டிஎஸ் ஃபைலாகப் பதிவு செய்யுங்கள். அது 188 பைட் பொட்டலங்களாக வரும், ஒவ்வொரு பொட்டலமும் ஒரே அடையாள பைட்டில் தொடங்கும். எந்த இடத்தில் அறுந்தாலும், டிஸ்கில் ஏறியது வரைக்கும் படம் ஓடும். சாதாரண எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே என்ற அட்டவணையைப் பதிவு முடிந்த பிறகுதான் எழுதுவார்கள். நடுவில் கரண்ட் போனால் அட்டவணை இல்லை, ஃபைல் திறக்காது. பெரியப்பாவின் 22 நிமிடமாவது கையில் இருப்பதற்குக் காரணம் அது டிஎஸ் ஃபைல் என்பதுதான்.

இப்போது முக்கியமான அமைப்புக்கு வருகிறேன். டிவிஹெட்எண்டின் ரெக்கார்டிங் பகுதியில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, எவ்வளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது. நான் 100 ஜிபி கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, ஒவ்வொரு ரெக்கார்டிங்கும் எத்தனை நாள் இருக்கலாம் என்பது. அம்மாவின் தொடர்களுக்கு 14 நாள். செய்திக்கு 2 நாள். இடம் தேவைப்படும்வரை இருக்கட்டும் என்றும் ஒரு தேர்வு உண்டு, சினிமாக்களை நான் அதில் போட்டிருக்கிறேன். எதற்கு எவ்வளவு ஆயுள் என்பதை டைமர் போடும்போதே சொல்லிவிடுங்கள். டிஸ்க் நிறைந்த பிறகு உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும்.

[திரையில்: எடிட்டிங் மென்பொருள். விளம்பரம் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு.]

வைத்துக்கொள்ள வேண்டியதில் முதலில் விளம்பரத்தை வெட்டுங்கள். வெட்டுவதற்குப் படத்தை மறுபடி சுருக்க வேண்டியதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள், முழு ஃபிரேம் (மற்ற ஃபிரேம்களை நம்பாமல் தானே முழுப் படமாக இருப்பது) வரும் இடங்களில் அப்படியே அறுத்துத் தரும். எம்பெக்-2 ஒளிபரப்பில் முழு ஃபிரேம் பெரும்பாலும் அரை வினாடிக்கு ஒன்று வரும் என்பதால், விளம்பரத்தின் ஓரம் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். தரம் துளியும் குறையாது.

அதற்கு மேல் இடம் வேண்டுமென்றால் இன்னும் அதிகமாகச் சுருக்கும் ஹெச்.264 வடிவத்துக்கு மாற்றலாம், ஃபைல் நன்றாகவே சிறிதாகும். மாற்றினால் தரம் குறையும், போனது திரும்பாது. சினிமாவுக்கு அது பரவாயில்லை. கூத்து, கோயில் திருவிழா, நம் ஊர் மனிதர்கள் வரும் எதையும் நான் மாற்றுவதில்லை. வேகமாகச் சுழலும் கூத்து அடவில், கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் மின்னும் இடத்தில்தான் சுருக்கிய படம் முதலில் குழம்பும். ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாலே தெரியும்.

பென் டிரைவில் போட்டு உறவினருக்குக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. ஃபேட்32 ஃபார்மட்டில் 4 ஜிபிக்குக் குறைவான ஃபைல் மட்டுமே ஏறும். மூன்று மணி நேரப் படம் 5.4 ஜிபி, பாதி வழியில் பிழை காட்டும். அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் அவர்கள் வீட்டு டிவி அதைப் படிக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

[திரையில்: மீண்டும் 22 நிமிட ஃபைல். பக்கத்தில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்.]

இந்த ஃபைல் இரண்டு டிஸ்கில் இருக்கிறது. ஆயுள்: எப்போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு வாராந்திர டைமர் ஒன்றும் போட்டிருக்கிறேன், முன்னாலும் பின்னாலும் 10 நிமிடம் சேர்த்து. மறு ஒளிபரப்பு எந்த வாரம் வேண்டுமானாலும் வரலாம். வாரா வாரம் வேறு ஏதாவது பதிவாகிறது, 7 நாளில் தானாக அழிகிறது. திங்கட்கிழமை காலையில் பெரியப்பா போன் செய்து "வந்ததா?" என்று கேட்கிறார். நான் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.