டயருக்குள் அடிக்கும் காற்று

நேயர்களுக்கு வணக்கம்.

"வண்டிக்குக் காத்தடிச்சாச்சா?" என்று கேட்கிறோம். அடிப்பது என்ற சொல்லை இதற்கு யார் பொருத்தினாரோ, சரியாகத்தான் பொருத்தியிருக்கிறார். நாம் அடித்து ஓய்ந்த பிறகும், உள்ளே போன காற்று ஓயாமல் டியூபை அடித்துக்கொண்டிருக்கிறது.

தலையணைக்குள் பஞ்சு மாதிரி காற்று அடைந்து கிடப்பதாகத்தான் சிறு வயதில் நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே எதுவும் சும்மா கிடப்பதில்லை. காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். நம் ஊர் வெப்பத்தில் அதன் மூலக்கூறு சராசரியாக விநாடிக்கு 475 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒலியைவிட வேகம்! ஆனால் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றின் மேல் முட்டித் திரும்பிவிடும். சுவர் எதிர்ப்பட்டால் சுவரில் மோதும்.

ஒரு மோதல் நமக்கு உறைக்கவே உறைக்காது. தகரக் கூரையில் மழை தொடங்கும்போது டக், டக் என்று துளிகளை எண்ணலாம். வலுத்துவிட்டால் ஒரே இரைச்சல்தான். அழுத்தம் என்பது அந்த இரைச்சல் மாதிரி. இப்போது உங்கள் விரல் நகத்தின் மேலேயே விநாடிக்கு 3 போட்டு 23 சைபர் சேர்த்தால் வரும் அத்தனை மோதல்கள் நடந்துகொண்டிருக்கின்றன.

டேனியல் பெர்னூலி 1738-இலேயே இதைச் சொல்லிவிட்டார். இங்கும் அங்கும் பாயும் துகள்களின் அடிதான், உருளையின் மேல்மூடியை, அதன் மேல் வைத்த எடையோடு சேர்த்துத் தாங்குகிறது என்றார். உலகம் அதை ஏற்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். உரசல் சூடு என்பார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் முக்கியக் காரணம் வேறு. எதிரே வரும் பந்தை மட்டை வீசி அடித்தால், வந்ததைவிட வேகமாகத்தானே திரும்பும்? பம்புக்குள் காற்றை அழுத்திக்கொண்டு கீழே இறங்கும் தோல் வாஷர்தான் இங்கே மட்டை. மூலக்கூறுகளின் வேகம் கூடுகிறது. அந்த வேகத்தைத்தான் நம் விரல் சூடு என்கிறது.

வேகம் கூடினால் அடியும் பலமாகும். விடியற்காலை 27 டிகிரியில் கார் டயரில் காற்றழுத்தம் 30, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு வைத்தீர்கள். மத்தியானம் தார் ரோட்டில் ஓடி, உள்ளே 57 டிகிரி ஆனால் காற்றழுத்த மீட்டர் 34-ஐத் தாண்டும். பதறி இறக்கிவிடாதீர்கள், ராத்திரி குறைந்து போகும். டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு.

அந்த மீட்டர் ஒன்றை மறைக்கிறது. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும்தான் அது காட்டும். பஞ்சராகிச் சப்பையாகக் கிடக்கும் டயரைப் பார்த்து, "காத்தே இல்ல சார்" என்பார் கடைக்காரர். இருக்கிறது. சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு வீதம் அடித்துக்கொண்டும் இருக்கிறது. வெளியிலிருந்தும் அதே அடி விழுவதால் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நன்றி, வணக்கம்.