மளிகைக் கணக்கும் மகாயுத்தமும்

நடுவர் அவர்களுக்கும் சென்னைச் சுவைஞர்களுக்கும் வணக்கம். "உலகப் போருக்குப் பெருங்காரணம் தலைவர்களின் ஆணவமா, நாடுகளின் பேராசையா?" என்ற தலைப்பில், பேராசையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரின் கார் தவறான தெருவில் திரும்பியதையும், அங்கே நின்ற போஸ்னிய செர்பிய இளைஞர் காவ்ரிலோ பிரின்சிப் அவரைச் சுட்டதையும் உருக்கமாக விவரித்துவிட்டு, "இதில் எங்கே ஐயா பேராசை? இவர்கள் மளிகைக் கடைக்காரரைப் போல எதற்கெடுத்தாலும் கணக்குப் பார்க்கிறார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தவறான திருப்பம்தான் காரணம் என்றால், மெட்ரோ பணிக்காக நாளுக்கொரு தெருவை அடைக்கும் நம் ஊரில் காலை ஒன்பது மணிக்குள் மூன்று உலகப் போர்கள் மூண்டிருக்க வேண்டும். ஜூன் 28-இல் கொலை நடந்தது. செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவித்ததோ ஜூலை 28-இல். ஆணவத்துக்கு ஒரு மாதம் பொறுக்கத் தெரியாது, நடுவர் அவர்களே. சரயேவோவில் சுட்டதற்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மனியின் வசமிருந்த டோகோவையும் கேமரூனையும் பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டுக்கொண்டது எந்தக் கணக்கில் சேரும்?

நண்பர் மளிகைக் கடைக்காரர் என்றாரே, நான் அந்தப் பரம்பரைதான். என் கொள்ளுத் தாத்தா மண்ணடியில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவில் அவர் பேரேட்டை மூடும்போது வானம் இடித்தது. "மழை வருகிறது, மிளகாய் மூட்டையை உள்ளே இழு" என்றாராம். இரண்டாவது இடிக்குத் துறைமுகப் பக்கம் வானம் சிவந்தது. மிளகாய் மூட்டையை விட்டார், கல்லாப் பெட்டியை விட்டார், பேரேட்டை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். வீட்டில் மாமியார் தூங்குவது பூந்தமல்லி போய்ச் சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்ததாம். மறந்தாரா, மறந்ததாகச் சொன்னாரா என்பதற்கு எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பு இல்லை.

வந்தது எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல். இந்தக் கதையைப் பாட்டி சொல்லும்போது பத்துக் குண்டுகள் விழும். அத்தை சொன்னால் ஐம்பது. சித்தப்பா எழுபதுக்குக் குறையமாட்டார். எல்லாம் புளுகு என்றே நினைத்திருந்தேன். பிறகு படித்துப் பார்த்தால் ஏறத்தாழ 130! எங்கள் வீட்டுப் புளுகே உண்மைக்கு எட்டாமல் நின்றிருக்கிறது. அன்று முதல் கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று அழைக்கிறோம். உயர் நீதிமன்றச் சுவரில் நினைவுக் கல்லும் இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். அருகிலேயே கோட்டை இருந்தது. ஆணவத்துக்கு ஆணவம் என்றால் அதைத்தானே முதலில் நொறுக்க வேண்டும்? கப்பல் தலைவர் ஃபான் முல்லர் முதலில் குறிவைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. எதிரியின் உயிர் எண்ணெயிலும் கப்பல் வணிகத்திலும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பார்த்ததும் மளிகைக் கணக்குத்தான், நண்பரே.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். அந்தப் பேரேடு எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. கொள்ளுத் தாத்தாவின் இளைய மகன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர். மாதந்தோறும் பணம் அனுப்புவார்; 'ரங்கூன் வரவு' என்று தனிப் பக்கத்தில் பதிவாகும். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த மாதங்களில் பல லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். காட்டுவழி நடந்தவர்களில் எத்தனையோ பேர் பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தார்கள். எங்கள் சின்னத் தாத்தா அந்தக் கூட்டத்தில் நடந்தாரா, நகரிலேயே இறந்தாரா என்று சொல்லக் கடைசிவரை ஒருவரும் வரவில்லை.

ஆனால் 1942 ஜனவரிக்கும் 'ரங்கூன் வரவு' என்று தலைப்பு எழுதியிருக்கிறார் கொள்ளுத் தாத்தா. பிப்ரவரிக்கும், மார்ச்சுக்கும். தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. போர் முடிந்த பிறகும், தம் கை நடுங்கும் வரை, ஒவ்வொரு மாதமும் அந்தத் தலைப்பை மட்டும் எழுதியிருக்கிறார்.

அந்தப் பேரேட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். நடுவர் மேசையில் வைத்துவிட்டு அமர்கிறேன்.