ஷேல் ஆயில் ராயல்டி செக்ல எத்தனை சைபர்? வில்லிஸ்டன் கணக்கு

வணக்கம் மக்களே. ஆமா, போர்டை எடுத்துட்டேன், இன்னைக்கும் கணக்குதான். "ஷேல் ஆயில் கிடைச்சா ஊரே கோடீஸ்வரன்"னு ஒரு ரீல்ஸ் இந்த வாரம் பூரா சுத்துது. பாத்தாலே எரிச்சலா வருது. ஷேல்னா எண்ணெய் அடைஞ்சு கிடக்கிற கெட்டிப் பாறை. போன வீடியோல அமெரிக்காவுல நார்த் டகோட்டா மாநிலத்து பேக்கன் பாறையில பக்கவாட்டுத் துளை பாத்தோம்ல, அதே இடம். வில்லிஸ்டன் அங்க இருக்க ஊரு.

80 ஏக்கர் வச்சிருக்கவருக்கு என்ன வரும்? அங்க ஒரு கிணத்து யூனிட், அதாவது கிணத்து வருமானத்தைப் பங்கு போடுற மொத்த நிலம், பெரும்பாலும் 1,280 ஏக்கர். 80ஐ அதால வகுத்தா 0.0625. ராயல்டி, அதாவது எண்ணெய் வித்த காசுல உரிமையாளருக்குக் கம்பெனி தர்ற பங்கு, பதினாறுல மூணுன்னு வைங்க, 0.1875. பெருக்குங்க: 0.01171875. எட்டு இலக்கமும் வேணும்! ஒரு நாளைக்கு 500 பேரல், பேரல் 70 டாலர், 30 நாள். மொத்தம் 10,50,000 டாலர், அதுல நம்மாளு பங்கு 12,305. சோம்பேறித்தனமா 0.01னு போட்டா 10,500. மாசம் 1,805 டாலர் காலி! யாருக்கு எவ்வளவு பங்குன்னு கம்பெனி எழுதி அனுப்புற டிவிஷன் ஆர்டர் தாள்ல முதல்ல இந்த நம்பரைத்தான் பாக்கணும். புள்ளிக்கு அப்புறம் ஒரு சைபர் கூடுதலா விழுந்தா பத்துல ஒரு பங்குதான் கைக்கு வரும்.

மாநில வரி ரெண்டு, அஞ்சும் அஞ்சும் பத்து சதவீதம். மிச்சம் 11,074. குழாய்க் கூலி, கேஸைச் சுத்தம் பண்ற கூலின்னு அதுலயும் கை வைப்பாங்க. "பிடித்தம் கூடாது"ன்னு ஒப்பந்தத்துல முன்னாடியே எழுத வைக்கணும், கையெழுத்துக்கு அப்புறம் கத்திப் பிரயோஜனமில்ல.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன்! கனிம உரிமை, அதாவது அடியில இருக்க எண்ணெய்க்கான உரிமை, இருந்தாத்தான் இதெல்லாம். அங்க மேல்மண் ஒருத்தருது, அடிமண் இன்னொருத்தருதா இருக்கலாம். அப்படின்னா மேல உழறவருக்கு ராயல்டி கிடையாது, லாரிப் புழுதியும் கொஞ்சம் இழப்பீடும்தான்.

அந்த 500 பேரலும் நிக்காது. முதல் வருஷத்துலயே பாதிக்கு மேல விழுந்துடும், செக்கும் கூடவே விழும். அதனால புதுசு புதுசா துளை போட்டுக்கிட்டே இருக்கணும். 2014ல நூறு டாலருக்கு மேல இருந்த விலை 2016 தொடக்கத்துல முப்பதுக்கும் கீழ போச்சா, அந்த மாநிலத்துல 190 போல இருந்த ரிக்கும் (துளை போடுற எந்திரம்) முப்பதுக்கும் கீழ.

வில்லிஸ்டன்ல 2010ல 14,716 பேர், 2020ல 29,160. 2014ல ஒத்தை படுக்கையறை வீட்டு வாடகை 2,300 டாலரைத் தாண்டிச்சு. ராயல்டியே இல்லாத டீச்சருக்கும் அதே வாடகைதான், ரீல்ஸ்காரரே!

எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, நார்த் டகோட்டா மாநிலத்தோட சேமிப்பு நிதியான லெகசி ஃபண்ட். எண்ணெய் வரியில 30 சதவீதம் உண்டியல்ல, 2017 வரைக்கும் தொடவே கூடாதுன்னு 2010லயே மக்கள் ஓட்டு போட்டுட்டாங்க. போர்டை அழிக்கல, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க.