மான் போகும் வழியில் புது எல்லை: கிழக்கு ஓரிகனில் வில் வேட்டை

வணக்கம் மக்களே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பெண்ட் நகருக்குத் தெற்கே 97ஆம் நெடுஞ்சாலை ஓரமாக நிற்கிறேன். லாரி இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2026 முதல் கிழக்கு ஓரிகனில், நீண்ட காதுள்ள மியூல் மான் வேட்டைப் பகுதிகளின் எல்லைகள் மாறுகின்றன. என்னோடு வில் பழகும் பலர் கொதித்துப்போயிருக்கிறார்கள். நானும் வில் வேட்டைக்காரன்தான், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மாற்றம் வந்தே ஆகவேண்டும் என்பதுதான் என் கருத்து.

கோபத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. இங்கே துப்பாக்கியோடு மியூல் மான் வேட்டைக்குப் போகும் அனுமதிக்கு 1991 முதலே குலுக்கல்தான். வில்காரர்களுக்கு மட்டும் கடையில் டேக், அதாவது வேட்டை அனுமதிச்சீட்டு, வாங்கினால் போதும், ஆகஸ்ட் கடைசியில் கிழக்குப் பக்கம் பெரும்பாலான யூனிட்களில், அதாவது வேட்டைப் பகுதிகளில், விருப்பம்போல் நுழையலாம். 2022இல் அந்தச் சலுகை போனது. எங்களுக்கும் விண்ணப்பம், குலுக்கல் என்று ஆனது. சிலர் மேற்கே பிளாக்டெயில் மானைத் தேடி மழைக்காட்டுக்குப் போனார்கள், சிலர் பக்கத்து ஐடஹோவுக்கு. அந்தப் புண் ஆறுவதற்குள் இப்போது எல்லையும் மாறுகிறது என்றால் எரிச்சல் வரத்தானே செய்யும்?

சரி, எல்லைக்கு வருவோம். பழைய யூனிட்களை ரோடு, ஆறு, மலைமுகடு பார்த்துப் பிரித்திருந்தார்கள். மனிதர்களுக்கு அது வசதி. மானோ கோடையில் அதோ தெரிகிற கேஸ்கேட் மலைச்சரிவில் மேய்கிறது. இலையுதிர்காலத்தில் இந்த நெடுஞ்சாலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கி, ஃபோர்ட் ராக், சில்வர் லேக் பக்கத்துப் புதர்க்காட்டில் குளிரைக் கழிக்கிறது. செப்டம்பரில் நாம் வில்லோடு ஒரு யூனிட்டில் தேடும் அதே மானை, குளிர்காலத்தில் வேறொரு யூனிட்டின் கணக்கில் எண்ணுகிறார்கள். அப்படியானால் எந்த எண்ணிக்கையை வைத்து டேக் கொடுப்பது? கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிய மான்கள் பல ஆண்டுகளாக இதைக் காட்டிவந்தன. இப்போது ஒரு மான்கூட்டம் ஆண்டு முழுக்கச் சுற்றும் பரப்பை வைத்தே வேட்டைப் பகுதியை வகுக்கிறார்கள். இந்தச் சாலையில் லாவா பியூட் குன்று அருகே 2012இல் மான்கள் கடக்க அடிப்பாதை கட்டினார்களே, அதே அறிவுதான் இது.

இப்போது அந்தக் குளிர்காலக் காட்டில் எடுத்த காட்சியைப் பாருங்கள். இது பிட்டர்பிரஷ் புதர், மானின் குளிர்கால உயிர்நாடி. இந்தக் குச்சியின் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கிறதா? மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, பிய்த்துத்தான் தின்னும். பக்கத்துக் குச்சி கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கிறது, அது முயல் கடித்தது. புதரில் கைக்கு எட்டும் நுனியெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. இந்த நிலத்தை ஜூனிபர் மரமும் சீட்கிராஸ் புல்லும் தின்றுகொண்டே வருகின்றன. இங்கே மியூல் மான் குறைந்துவந்திருக்கிறது; அதற்கு வில்காரன் மட்டும் காரணமில்லை என்று நண்பர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அதைப் பொதுக்கூட்டத்துக்குப் போய் உரக்கச் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம், நான் போன பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் வரைபடத்தின் மேல் விரலை வைத்தபடி, “நான் சேர்த்த பாயிண்ட் என்ன ஆகும்?” என்று கேட்டார். குலுக்கலில் டேக் கிடைக்காத வருடங்களில் சேரும் முன்னுரிமைப் புள்ளியைத்தான் சொல்கிறார். அந்தப் பயம் வேண்டாம். பாயிண்ட் யூனிட்டுக்கு உரியது இல்லை, அது மான் வேட்டைக்கு உரியது. எந்தப் பகுதிக்கு விண்ணப்பித்தாலும் கூடவே வரும். நூற்றில் 75 டேக் பாயிண்ட் வரிசைப்படியும் மீதி 25 குருட்டுக் குலுக்கலிலும் போவதுதான் முறை. புதுப் பகுதிக்கு எத்தனை பாயிண்ட் தேவைப்படும் என்பதற்குத்தான் முன்கணக்கு இல்லை. முதல் சில வருடம் துணிந்துதான் போடவேண்டும்.

இன்னொன்று, வேட்டை முடிந்ததும் மான் கிடைத்ததோ இல்லையோ அறிக்கை கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் பிறகு உரிமம் வாங்கும்போது 25 டாலர் அபராதம். எனக்குப் பணத்தைவிட அந்தத் தகவல் பெரிது, அடுத்த வருட டேக் எண்ணிக்கைக்கு அதையும் பார்க்கிறார்கள்.

விண்ணப்பத்துக்கு மே 15 கடைசி நாள். பழைய யூனிட் பெயரைத் தேடாதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் இடம் புது வரைபடத்தில் எந்தப் பகுதிக்குள் விழுகிறது என்று முதலில் பாருங்கள்.